ஒரு வடிகாலுக்கு ஏழு நம்பர்

டெண்டர் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்கள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். "எத்தனை பர்சென்ட்?" என்பதுதான் அடுத்த கேள்வி. பொறியியல் துறை ஒன்றின் கோட்ட அலுவலகத்தில் 1976இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 2009இல் கண்காணிப்பாளராக வெளியே வந்தவன் நான். நடுவில் பதினெட்டு வருடம் டெண்டர் செக்‌ஷன். கல்யாண வீடுகளில் இதைச் சொன்னால் என்னைக் கொஞ்சம் மரியாதையாகவும் கொஞ்சம் சந்தேகமாகவும் பார்ப்பார்கள். பர்சென்ட் கதைகளை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த மேஜைக்கு முன்னால் வந்து நின்றவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன்.

அந்தக் காலத்தில் டெண்டர் திறக்கும் நாள் ஒரு சின்னத் திருவிழா. வராந்தாவில் தகரப் பெட்டி, இரண்டு பூட்டு, மேலே உண்டியல் மாதிரி ஒரு வாய். பிற்பகல் 3 மணிக்குப் பெட்டியை மூடுவோம். 3.30க்கு வந்திருக்கும் கான்ட்ராக்டர்கள் முன்னிலையில் திறப்போம். அரக்கு முத்திரையை உடைத்து ஒவ்வொருவருடைய தொகையையும் செயற்பொறியாளர் உரக்கப் படிப்பார். அடித்தல் திருத்தல் எத்தனை என்று எண்ணிப் பக்கத்துக்குப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பீட்டு அட்டவணை போடுவேன். யார் விலை குறைவு என்பது அங்கேயே, எல்லோர் காதிலும் விழுந்துவிடும். காபி, வடை, கலைந்துவிடுவார்கள்.

என் மேஜைக்குக் கேள்வி வர ஆரம்பிப்பது அதற்கு அப்புறம்தான்.

முதலில் வருகிறவர் தோற்றுப்போன கான்ட்ராக்டர். ஏன் தோற்றோம் என்று கேட்க மாட்டார், அது அவருக்கே தெரியும். "இ.எம்.டி. எப்போ சார் திரும்பக் கொடுப்பீங்க?" என்பார். சின்னக் கான்ட்ராக்டருக்கு அந்த முன்வைப்புத் தொகை வட்டிக்கு வாங்கிய பணமாக இருக்கும். அது திரும்பினால்தான் அடுத்த டெண்டர் போட முடியும். ஜெயித்தவர் ஒரு மாதம் கழித்து வருவார். அவருக்கும் ஒரே கேள்விதான்: "பில் பாஸ் ஆயிடுச்சா சார்?" உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் வந்தால், விலை குறைவாகப் போட்டவரை விட்டுவிட்டு அடுத்தவருக்கு ஏன் போனது என்பார். பக்கத்துக் கோட்டத்திலிருந்து டிரங்க் கால் வரும்: "அண்ணே, 5 எச்.பி. மோட்டார் உங்க பக்கம் என்ன ரேட்டுக்கு எடுத்தீங்க?" இந்தக் கடைசி வகை ஆச்சரியமாக இருக்கலாம். உண்மையில் எங்கள் விலைகளை அதிகம் விசாரித்தவர்கள் வேறு அரசு அலுவலகத்துக்காரர்களே.

தெருவாசிகள் அபூர்வமாகத்தான் வருவார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து தயங்கி நிற்பார்கள். "எங்க வாசல்ல ஜல்லியைக் கொட்டிட்டுப் போய் மூணு மாசமாச்சுங்க. ரோடு எப்ப போடுவாங்க? யார்கிட்ட சொல்லணும்?" மதிப்பீடு எத்தனை லட்சம் என்று ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை.

இவர்களில் யார் வந்து எதைக் கேட்டாலும் எழுந்து போய் ஐந்து ரிஜிஸ்டர்களைப் புரட்ட வேண்டும். காரணம், ஒரே வேலைக்கு ஏழு நம்பர். நிர்வாக ஒப்புதல் ஆணைக்கு ஒரு நம்பர். தொழில்நுட்ப ஒப்புதல் பெற்ற எஸ்டிமேட்டுக்கு ஒன்று. டெண்டர் அறிவிப்புக்கு ஒன்று. கையெழுத்தான அக்ரிமென்டுக்கு ஒன்று. ஓவர்சியர் அளவெடுத்து எழுதும் எம்-புக்குக்கு, அதாவது அளவுப் புத்தகத்துக்கு, ஒன்று. பணம் கொடுத்த வவுச்சருக்கு ஒன்று. பிடித்து வைத்த டெபாசிட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு செக்‌ஷனில், ஒவ்வொருவர் பீரோவில். ஒரு நம்பரைப் பார்த்து அடுத்த நம்பரைக் கண்டுபிடிக்க முடியாது.

என் முழங்கால் அப்போதே தகராறு செய்ய ஆரம்பித்திருந்தது. அதனால் ஒரு பைண்டு நோட்டு வாங்கி, வேலைக்கு ஒரு வரி என்று எழுதி வைத்தேன். தெருவின் பெயர், கான்ட்ராக்டர் பெயர், அக்ரிமென்ட் நம்பர், முடிக்க வேண்டிய தேதி, கடைசியாக எந்தப் பில் எந்தத் தேதியில் போனது, இ.எம்.டி. திரும்பிய தேதி. அவ்வளவுதான். வருகிறவர்கள் எதைக் கேட்டார்களோ அதற்கு மட்டும் கட்டம் போட்டிருந்தேன். யாரும் கேட்காத எதற்கும் அதில் இடமில்லை. நான் இல்லாத நாளில் பியூனே அந்த நோட்டைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார்.

1998இல் தமிழ்நாட்டில் டெண்டர்களில் வெளிப்படைத்தன்மைக்கென்றே ஒரு சட்டம் வந்தது. 2000இல் அதன் விதிகள் வந்தன. இந்தியாவில் இப்படிச் சட்டம் போட்ட மாநிலங்கள் சொற்பம், அந்த வகையில் பெருமைப்படலாம். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்றார்கள். மாவட்டத்துக்கு ஒரு டெண்டர் புல்லட்டின், மாநிலத்துக்கு ஒன்று. அறிவிப்பு மட்டும் போதாது, யாருடைய ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்பட்டது, மற்றவர்களை ஏன் தள்ளினோம் என்ற காரணத்தையும் புல்லட்டினுக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டத்திலேயே இருந்தது. நிருபர் கேட்ட கேள்விக்கு அதில் பதில் உண்டு. டெண்டர் போடப் போகிறவருக்கும் உபயோகம். ஆனால் ஜல்லிக் குவியலுக்கு முன்னால் நின்றவருக்கு அந்தப் புல்லட்டினில் ஒன்றும் இல்லை. கையெழுத்தானதோடு புல்லட்டின் முடிந்துவிடும், அவருடைய கஷ்டமோ கையெழுத்தான பிறகு ஆரம்பிப்பது.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். இதில் வந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் நாலு தடியர்கள் நின்றுகொண்டு, வெளியூர்க்காரனைக் கவரைப் போட விடாமல் திருப்பி அனுப்பியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். போலீஸ் காவலோடு பெட்டி வைத்த நாட்களும் உண்டு. வீட்டிலிருந்தபடியே டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு அனுப்பும் இந்தக் காலத்தில் அந்தத் தடியர்களுக்கு வாசலில் வேலை இல்லை. பெரிய விஷயம் இது.

ஆனால் எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது என்று மேடையில் சொல்லும்போது எனக்கு எங்கள் தெரு வடிகால் ஞாபகம் வரும்.

ஆடி மாதம் தோண்டினார்கள். மழைநீர் வடிகால். ஒரு பக்கம் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள், மறுபக்கம் கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. அதோடு ஆட்கள் வரவில்லை. ஐப்பசி மழையில் பள்ளமும் ரோடும் ஒரே மட்டமாகத் தண்ணீர். எதிர் வீட்டு ஓய்வு பெற்ற தலைமையாசிரியரின் மனைவி விடிகாலையில் வாசல் தெளிக்க வந்து உள்ளே விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. 71 வயதில் ஆபரேஷன், பிளேட், ஆறு வாரம் படுக்கை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம் தலைமையாசிரியர் என் வீட்டுக்கு வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "சார், நீங்க இந்த வேலையிலதானே இருந்தீங்க. இதை யார் செய்யுறாங்க, எப்ப மூடுவாங்க, இதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் நெளிந்த எழுத்துகளைப் படித்துத் தட்டச் சொல்கிறது. மனிதன்தானா என்று சோதிக்கிறதாம். என் கண்ணாடிக்கு நான் மனிதன் என்று நிரூபிக்க நாலு தடவை ஆயிற்று. தேடும் பெட்டியில் பிள்ளையார் கோயில் தெரு என்று தட்டினால் ஒன்றும் வரவில்லை. ஆங்கிலத்தில்தான் தேட வேண்டும். அதிலும் கோயில் என்பதை ஒரு பட்டியலில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். மூன்றாவதில் டெம்பிள் ஸ்ட்ரீட் என்று மொழிபெயர்த்தே விட்டார்கள். எங்கள் தெருவின் பெயரோ எதிலும் இல்லை. இத்தனாவது வார்டில் "பல்வேறு தெருக்களில் வடிகால், தொகுப்பு 3" என்று ஒரு தலைப்பு இருந்தது. தலைப்பு எப்படி வைப்பார்கள் என்று தெரிந்தவன் என்பதால் மூன்றாம் நாள் பிடித்தேன். தலைமையாசிரியர் முப்பது நாள் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது.

உள்ளே 22 ஃபைல்கள். வரைபடம் இருந்தது. சிமென்ட் எந்தத் தரம், கம்பிக்கு என்ன பரிசோதனை, கான்ட்ராக்டர் எந்தெந்தப் பத்திரம் வைக்க வேண்டும், தாவா வந்தால் எந்தக் கோர்ட், எல்லாம் இருந்தது. யாருக்கு வேலை கிடைத்தது என்ற தாளைப் பக்கவாட்டில் ஸ்கேன் செய்திருந்தார்கள். தலையைச் சாய்த்துப் படித்துக்கொண்டோம். வேலை எந்த அளவில் இருக்கிறது, எத்தனை பில் கொடுத்தார்கள், எப்போது முடியும், அந்த வேலைக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளர் யார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. சட்டப்படி வெளியிட வேண்டியது எதையும் அவர்கள் விட்டுவிடவில்லை. தலைமையாசிரியர் கேட்டது இரண்டே கேள்வி. 22 ஃபைலில் ஒன்றுக்குப் பதில் சாய்ந்து கிடந்தது, மற்றதற்குப் பதிலே இல்லை.

பழைய பழக்கத்தில் ஒருவரைப் பிடித்து, அவர் மூலம் இன்னொருவரைப் பிடித்து, கான்ட்ராக்டரின் நம்பரை வாங்கினேன். முப்பத்தைந்து வயதுப் பையன். திட்டு விழும் என்று எதிர்பார்த்துத்தான் போனை எடுத்தான் போலிருக்கிறது. "ஐயா, ரெண்டு ரன்னிங் பில் பெண்டிங். கூலி பாக்கி நிக்குது, ஆள் வர மாட்டேங்கிறாங்க. எப்ப வரும்னு ஆபீஸ்ல கேட்டா மேல கேளுன்னு சொல்றாங்க. உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்களேன்" என்றான்.

போனை வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எப்போது மூடுவார்கள் என்று கேட்டவரும், எப்போது பணம் வரும் என்று கேட்டவனும் ஒரே தேதியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேதி ஏதோ ஒரு பீரோவில் ஒரு வவுச்சர் நம்பரோடு இருந்தது. தை பிறந்த பிறகுதான் மூடி போட்டார்கள்.

பெங்களூரில் இருக்கும் என் மருமகனிடம் இதைச் சொன்னபோது, உலகத்தில் பல நாடுகள் இதற்காகவே ஒரு பொது முறை வைத்திருக்கின்றன என்று எடுத்துக் காட்டினார். திறந்த ஒப்பந்தத் தரவுத் தரம் என்று தமிழில் சொல்லலாம், 2014இல் முதலில் வெளியிட்டிருக்கிறார்கள். திட்டமிடுவது, டெண்டர் விடுவது, தேர்ந்தெடுப்பது, ஒப்பந்தம் போடுவது, வேலை நடப்பது என்று ஐந்து கட்டம். பணம் கொடுத்த விவரம் கடைசிக் கட்டத்தில் வருகிறது. முக்கியமான சங்கதி, ஐந்து கட்டத்துக்கும் ஒரே நம்பர். அந்த ஒரு நம்பரைத் தட்டினால் எஸ்டிமேட்டிலிருந்து கடைசிப் பில் வரை கோத்துக்கொண்டு வரும். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் பைண்டு நோட்டுக்குச் சர்வதேச அந்தஸ்து கிடைத்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். வீட்டம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

உக்ரைன் நாட்டில் நடந்த ஒன்றையும் அவர்தான் சொன்னார். அங்கே 2014 கிளர்ச்சிக்குப் பிறகு தன்னார்வலர்கள் சேர்ந்து புரோசோரோ என்ற ஆன்லைன் டெண்டர் முறையை உருவாக்கினார்கள். 2016 ஆகஸ்டிலிருந்து அரசுக் கொள்முதலுக்கு அதுவே கட்டாயம். டெண்டர் போட்டவரும் பொதுஜனமும் ஒவ்வொரு டெண்டரைப் பற்றியும் குறை எழுத, டோசோரோ என்று தனியாக ஒரு தளம். ஆனால் நான் சொல்ல வந்தது முட்டைக் கதை. யுத்தக் காலத்தில் ராணுவக் கொள்முதல் விலைகள் வெளியே வரவில்லை. 2023 ஜனவரியில் ஒரு பத்திரிகையாளர் ராணுவ உணவு ஒப்பந்தம் ஒன்றின் விலைகளை வெளியிட்டார். ஒரு முட்டை 17 ஹிரிவ்னியா. கீவ் நகரக் கடையில் அப்போது சுமார் 7 ஹிரிவ்னியா. தொழில்நுட்பப் பிழை என்று அமைச்சகம் விளக்கம் சொல்லிப் பார்த்தது. ஒரு துணை அமைச்சர் பதவி விலகினார். பிறகு, ஆயுதமல்லாத ராணுவக் கொள்முதல்களின் விலையை வெளியிட வேண்டும் என்று சட்டமே போட்டார்கள்.

அந்த ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை மட்டும் போட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. அத்தனை கோடி நியாயமா அநியாயமா என்று நீங்களும் நானும் எப்படிச் சொல்வது? முட்டை விலை எல்லோருக்கும் தெரியும். நாமக்கல் விலையைத் தினம் பேப்பரில் பார்க்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூட்டைக்கு எவ்வளவு, மீட்டருக்கு எவ்வளவு, ஒன்றுக்கு எவ்வளவு என்று போட்டால் பக்கத்துக் கோட்டத்து எழுத்தர் டிரங்க் கால் போட்டுக் கேட்டதற்கும் அதுவே பதில். விலை விவரம் வியாபார ரகசியம் என்று ஆட்சேபம் சொல்லுகிறவர்கள் உண்டு. சாலை, வடிகால் வேலையில் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்த தொகையில் என்ன ரகசியம்?

ராஜஸ்தான்காரர்கள் இதைக் கம்ப்யூட்டர் இல்லாமலே செய்தார்கள். அருணா ராய் முதலானவர்களின் தொழிலாளர் விவசாயிகள் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோலையும் பில்களையும் ஊர் நடுவில், ஊர்க்காரர்களின் பேச்சு மொழியில் வாசித்தார்கள். மஸ்டர் ரோல் என்பது யார் யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்ற கூலிப் பட்டியல். ஆடிட்டருக்கு அது வெறும் பெயர் வரிசை. ஊர்க்காரனுக்கு அப்படியில்லை. இந்தப் பெயர்க்காரர் அந்த மாதம் ஊரிலேயே இல்லை என்று சொல்ல அவன் ஒருவனால்தான் முடியும். 1996இல் பியாவரில் 40 நாள் தர்ணா, 2005இல் நாடு முழுவதற்குமான தகவல் உரிமைச் சட்டம் என்று அது வளர்ந்தது. 2019இல் ராஜஸ்தான் அரசு ஜன் சூச்னா என்ற வலைத்தளத்தைத் திறந்தபோது, தகவல் கேட்டுப் பழகிய அந்த இயக்கத்தாரோடு உட்கார்ந்து பேசித்தான் அமைத்தது.

நம் அலுவலகங்கள் யாரையும் தேடிப் போய்க் கேட்கக்கூட வேண்டாம். ஜனங்களுக்கு எது வேண்டும் என்பது அவர்கள் பீரோவிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் வரும் மனுக்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் வரும் மனுக்கள். ஒரு வருடத்து மனுக்களை எடுத்து, டெண்டர் வேலைகளைப் பற்றியவற்றை மட்டும் பிரித்து, எந்தக் கேள்வி எத்தனை முறை வந்தது என்று ஒரு இளநிலை உதவியாளரை எண்ணச் சொன்னால் பத்து நாளில் முடியும். பட்டியலில் மேலே வரும் ஆறு கேள்விகளுக்கு வலைத்தளத்தின் முதல் பக்கத்தில் தமிழில் கட்டம் போட்டுவிடலாம். தெருப் பெயரை நகராட்சி வரி ரசீதில் உள்ளபடியே எழுதலாம். மற்ற 22 ஃபைலும் பின்னால் இருந்துவிட்டுப் போகட்டும், டெண்டர் போடுகிறவருக்கு அவை வேண்டும்.

இது என் சொந்த ஆசை என்று நினைக்க வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மக்கள் மனுப் போட வேண்டிய அவசியமே குறைகிற அளவுக்கு அலுவலகங்கள் தாமாகவே தகவல்களை வெளியிட்டு வர வேண்டும், உள்ளூர் மொழியையும் அந்த இடத்துக்கு எது நன்றாக எட்டுமோ அந்த வழியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. அறிவிப்புப் பலகையும் அந்த வழிகளில் ஒன்று. செல்போன் பழகாத நம் வயதுக்காரர்களுக்கு வேலை நடக்கும் தெருமுனையில் ஒரு பலகை போதும். சில இடங்களில் வைக்கத்தான் செய்கிறார்கள், மதிப்பீட்டுத் தொகையையும் திறந்து வைத்தவர் பெயரையும் பெரிதாக எழுதி. முடிக்க வேண்டிய தேதிக்கு மட்டும் பலகையில் இடம் போதுவதில்லை!

தலைமையாசிரியரும் நானும் இப்போது ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். எங்கள் வார்டில் நடக்கும் எல்லா வேலைகளுக்கும் என் பழைய நோட்டு மாதிரி வேலைக்கு ஒரு வரி வேண்டும் என்று. அவர் இலக்கணம் பார்க்கிறார், நான் நம்பர் பார்க்கிறேன். அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறார், வாசல் தெளிக்க மருமகள் வருகிறாள்.

உங்கள் தெருவிலும் இப்படி ஏதாவது பாதியில் நின்றால், தகவல் கேட்கும்போது பொதுவாகக் கேட்காதீர்கள். அக்ரிமென்ட் நம்பரை முதலில் கேட்டு வாங்குங்கள். அடுத்த மனுவில் அந்த நம்பரைக் குறிப்பிட்டு எம்-புக் நகலையும், கொடுத்த பில்களின் தேதியையும் கேளுங்கள். 10 ரூபாய்க் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். நேரில் போய் ஆவணங்களைப் பார்க்கவும், நடக்கும் வேலையைப் பார்வையிடவும், போட்ட பொருளில் சான்றிட்ட மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு. பலருக்கு இது தெரியாது. ஆவணம் பார்க்க முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. போகும்போது படிக்கிற கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள், எம்-புக் எழுத்து ரொம்பப் பொடி.